அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்பு: என்ன படிப்பார்கள், எங்கே தடுக்கும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் சென்னையில் நான்காம் வகுப்பை முடித்திருக்கிறாள். கணவருக்குக் கலிஃபோர்னியாவில் வேலை. ஆகஸ்டில் அங்கே அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் சேர்க்கப் போகிறீர்கள். என்னென்ன பாடங்கள் இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கவலை கடைசி இரண்டு வரிகளில்தான் வெளிப்படுகிறது: "அங்கே கணக்கெல்லாம் ரொம்ப ஈஸி என்கிறார்கள். இரண்டு மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்தால் பின்தங்கிவிடுவாளா? இப்போதே ஆறாம் வகுப்புக் கணக்கை முடித்துவிட்டுக் கூட்டிப் போகலாமா?" ஆகவே பாடப் பட்டியலோடு நிறுத்தாமல், எதற்குத் தயாராக வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கலிஃபோர்னியாவில் அரசுத் தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாகப் பாடம் எடுக்கிறேன். இங்கே தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் வகுப்புக்கு ஒரே ஆசிரியர். ஆங்கிலம், கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாம் அவர் தலையில்தான். அதனால் நான்கையும் பற்றிச் சொல்ல முடியும். மற்ற மாநிலங்களைப் பற்றி நான் சொல்வது அவற்றின் பாடத் தரநிலைகளைப் படித்தும், அங்கிருந்து மாறிவந்த பிள்ளைகளைப் பார்த்தும் தெரிந்தது. தனியார் பள்ளிகள் இந்தத் தரநிலைகளுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. அவற்றைப் பற்றி நான் பேசவில்லை.

உறுதியானதிலிருந்து தொடங்குவோம். அமெரிக்கா முழுமைக்கும் ஒரே பாடத்திட்டம் கிடையாது. சிபிஎஸ்இ போல ஒரு வாரியமோ, என்சிஇஆர்டி போல ஒரு பொதுப் பாடநூலோ இல்லை. ஆண்டு முடிவில் பிள்ளைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு மாநிலமும் தரநிலைகளை வகுத்துக்கொள்கிறது. எந்தப் புத்தகம், எந்த வரிசை என்பதை உள்ளூர்ப் பள்ளி மாவட்டம் தீர்மானிக்கிறது. ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் 2010-ல் வந்த காமன் கோர் தரநிலைகளைக் கலிஃபோர்னியா உட்படப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன. டெக்சாஸும் வர்ஜீனியாவும் ஏற்கவே இல்லை. ஃபுளோரிடா ஏற்றுக்கொண்டு பிறகு விலகித் தனக்கென்று ஒன்றை எழுதிக்கொண்டது. ஆனாலும் ஐந்தாம் வகுப்பின் முக்கியமான சரக்கு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். மாநிலத்துக்கு மாநிலம் பெரிதாக மாறுவது சமூக அறிவியல் மட்டுமே.

இன்னொன்று, வகுப்பை வயதைப் பார்த்தே பெரும்பாலும் தருவார்கள். கலிஃபோர்னியாவில் செப்டம்பர் 1-க்குள் ஐந்து வயது நிரம்பிய குழந்தை மழலையர் வகுப்புக்குப் போகும். அந்தக் கணக்கில் செப்டம்பர் 1-க்குள் பத்து வயது முடிந்திருந்தால்தான் ஐந்தாம் வகுப்பு. சென்னையில் கொஞ்சம் சீக்கிரமே சேர்த்துவிட்ட பிள்ளையை இங்கே மறுபடி நான்காம் வகுப்பில் போடுவது உண்டு. அப்படி நடந்தால் பள்ளியோடு சண்டைக்குப் போகாதீர்கள் என்பது என் கருத்து. காரணம் கீழே தானாகவே விளங்கும்.

கணக்கில் ஐந்தாம் வகுப்பின் பாதிக்கு மேல் பின்னங்களும் தசமங்களும்தான். பகுதி எண் வேறுபட்ட பின்னங்களைக் கூட்டுதல், கழித்தல். பின்னத்தைப் பின்னத்தால் பெருக்குதல். 1/3 போன்ற அலகுப் பின்னத்தை முழு எண்ணால் வகுத்தல், முழு எண்ணை அலகுப் பின்னத்தால் வகுத்தல். தசமத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை படிக்கவும் ஒப்பிடவும் தெரிய வேண்டும். கூட்டல் முதல் வகுத்தல் வரை நான்கு செயல்களும் நூறில் ஒரு பங்கு வரை. பல இலக்க எண்களின் பெருக்கலை நம் ஊர் முறையிலேயே தடுமாறாமல் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கும் வகுப்பும் இதுதான். இவற்றோடு கன அளவு, ஆயத்தளத்தின் முதல் கால்பகுதி, வடிவங்களின் உறவுமுறை (சதுரமும் ஒரு செவ்வகம்தான், ஏன்?) ஆகியவையும் உண்டு. சதவீதம், விகிதம், எதிர்ம எண்கள், மீ.சி.ம. எல்லாம் ஆறாம் வகுப்பில். நம் பிள்ளைகள் நான்காம் வகுப்பிலேயே மடமடவென்று போடும் நீள் வகுத்தலைக்கூட முழுத் தேர்ச்சியாக ஆறாம் வகுப்பில்தான் கேட்கிறார்கள்.

இதைப் படித்ததும் 'ஈஸி' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று புரிந்திருக்கும். பட்டியலை மட்டும் பார்த்தால் அது பொய்யும் இல்லை. ஆனால் கேள்வி வரும் விதத்தைப் பாருங்கள். "5-ஐ 3/4-ஆல் பெருக்கினால் விடை 5-ஐவிடப் பெரியதா, சிறியதா? பெருக்காமல் சொல். எப்படித் தெரியும் என்று எழுது." சென்னையிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் புதிதாக வரும் பிள்ளைகளில் பலர் உடனே 15/4 என்று போட்டு, மூன்றே முக்கால் என்று மாற்றி, அடியில் கோடு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பெருக்கல் சரி, ஆனால் கேட்டது அதுவல்ல. முக்கால் என்பது ஒன்றைவிடக் குறைவு, ஆகவே ஐந்தில் முக்கால் பங்கை எடுத்தால் ஐந்தைவிடக் குறையத்தான் செய்யும் என்று எழுத வேண்டும். அதை வாயால் சொல்லச் சொன்னால் கொஞ்சம் திணறிவிட்டுச் சொல்லிவிடுகிறார்கள். எழுதச் சொன்னால் "ஏனென்றால் நான் பெருக்கிப் பார்த்தேன்" என்று வருகிறது.

பின்ன வகுத்தலும் அப்படியே. "தோசை மாவில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கிறது, அதை நான்கு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் மொத்த மாவில் எவ்வளவு?" என்பதைப் படம் போட்டுக் காட்டச் சொல்வார்கள். டியூஷனில் 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்று கற்றுக்கொண்ட பிள்ளை 1/12 என்று ஒரு நொடியில் சொல்லும். அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முழிக்கும். அதனால்தான் ஆறாம் வகுப்புக் கணக்கை இப்போதே முடிக்க வேண்டாம் என்கிறேன். விதி முதலில் வந்துவிட்டால் படம் போடுவது வீண் வேலையாகப் பிள்ளைக்குத் தெரியும். அப்புறம் ஆசிரியர் கேட்பதெல்லாம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

கணக்கில் நிஜமாகவே தடுக்குவது யாரும் எச்சரிக்காத இடத்தில்: அளவைகள். நம் பிள்ளைக்கு மீட்டர், கிலோ, லிட்டர் தவிர வேறு தெரியாது. இங்கே ஐந்தாம் வகுப்பில் அலகு மாற்றம் ஒரு பாடம், அதில் மெட்ரிக் அலகுகளோடு இந்த ஊர் அலகுகளும் வரும். அடிக்கு 12 அங்குலம், கெஜத்துக்கு 3 அடி, மைலுக்கு 5,280 அடி, பவுண்டுக்கு 16 அவுன்ஸ், 2 கப் ஒரு பைன்ட், 2 பைன்ட் ஒரு குவார்ட், 4 குவார்ட் ஒரு கேலன். கூடவே எண்களில் காற்புள்ளி. 1,00,000 இங்கே 100,000 ஆகிவிடும். லட்சமும் கோடியும் போய் மில்லியன் வரும். தேதியில் மாதம் முன்னால் வரும். எல்லாம் சின்ன விஷயங்கள்தான். ஆனால் கணக்கில் புலி என்று பெயரெடுத்த பிள்ளை முதல் மாதத்தில் இதில் தவறும்போது மனசு உடைகிறது. சமையலறையில் ஒரு அளவுக் கோப்பையையும் சுவரில் ஒரு அங்குல நாடாவையும் வைத்து இரண்டு வாரம் விளையாடினால் தீர்ந்துவிடும் விஷயம்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஆனால் ஆண்டு முழுக்க உங்கள் மகளின் நேரத்தை அதிகம் எடுக்கப்போவது இதுதான். ஆங்கில வழியில் படித்த பிள்ளை, இலக்கணம் தெரியும், பேசுவாள், பிறகென்ன என்று நினைப்பது இயல்பு. இலக்கணத்தில் உண்மையிலேயே நம் பிள்ளைகள் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சமமாகவோ மேலாகவோதான் இருக்கிறார்கள். இங்கே கேட்பது வேறு. கதையைப் படித்துவிட்டு அதன் உட்கருத்து என்ன என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல ஆதாரமான வரியைப் பிசகாமல் மேற்கோள் காட்ட வேண்டும். ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய இரண்டு கட்டுரைகளைப் படித்து, இருவரும் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே பார்வை மாறுகிறது என்று எழுத வேண்டும். கட்டுரையாளர் சொல்லும் ஒவ்வொரு கருத்துக்கும் எந்தக் காரணத்தைத் தருகிறார் என்று பிரித்துக் காட்ட வேண்டும்.

எழுத்தில் மூன்று வகை: தன் கருத்தை நிறுவுவது, ஒன்றை விளக்குவது, கதை சொல்வது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற நம் கட்டுரை அச்சு இங்கேயும் செல்லும். வித்தியாசம் பொருளுரையில்தான். மாநிலத் தேர்வில் ஒரே தலைப்பில் சில பகுதிகளைக் கொடுத்து, அவற்றைப் படித்துவிட்டு அவற்றிலிருந்தே ஆதாரம் எடுத்துக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். மனப்பாடம் செய்த கட்டுரை அங்கே உதவாது. புத்தகத்தில் இருக்கும் வரியை அப்படியே எழுதினால் நம் ஊரில் முழு மதிப்பெண். இங்கே மேற்கோள் குறி இல்லாமல் அப்படி எழுதினால் காப்பி அடித்ததாக ஆகிவிடும். சொந்த வார்த்தையில் மாற்றி எழுதுவதும், எங்கிருந்து எடுத்தோம் என்று கடைசியில் குறிப்பதும் ஐந்தாம் வகுப்பிலேயே எதிர்பார்க்கப்படுபவை. இந்த ஒன்றை மட்டும் விமானம் ஏறுவதற்கு முன்பே மகளிடம் சொல்லிவையுங்கள். புதிதாக வரும் பிள்ளைகள் அழுதுகொண்டு நிற்கும் இடம் இது.

தட்டச்சும் உண்டு. ஒரே அமர்வில் குறைந்தது இரண்டு பக்கம் தட்டச்சு செய்யும் அளவு பழக்கம் வேண்டும் என்று காமன் கோரின் ஐந்தாம் வகுப்புப் பகுதியில் எழுதியே வைத்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலரும் அதை எட்டுவதில்லை. ஆனால் தேர்வு கணினியில்தான். ஒவ்வொரு எழுத்தையும் தேடிக் குத்தும் பிள்ளை, மனதில் இருப்பதைச் சுருக்கிக்கொண்டு நான்கு வரியில் முடித்துவிடுகிறது. சொற்களில், கிரேக்க, லத்தீன் வேர்களைக் கொண்டு புதுச் சொல்லின் பொருளை ஊகிப்பது, உவமை, உருவகம், மரபுத்தொடர், பழமொழி. இந்தக் கடைசி இரண்டும் மெதுவாகத்தான் வரும். விளையாட்டு மைதானத்தில் வந்துவிடும், விட்டுவிடுங்கள்.

சேர்க்கைப் படிவத்தோடு வீட்டு மொழி பற்றிய சில கேள்விகள் கொண்ட தாள் ஒன்று தருவார்கள். குழந்தை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் அதிகம் பேசுவது எது என்று கேட்கும். தமிழ் என்று எழுதினால் எல்பேக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை, சேர்ந்து 30 நாட்களுக்குள் வைப்பார்கள்: கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல். 'இங்கிலீஷ் தெரியாத பிள்ளை' என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்று பயந்து எல்லாக் கேள்விக்கும் ஆங்கிலம் என்று எழுதும் தமிழ்ப் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். உண்மையை எழுதுங்கள். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகள் இந்த முதல் தேர்விலேயே தேறி, 'ஆங்கிலம் கற்போர்' என்ற பிரிவுக்குள் போகாமலே இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் மகளைப் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. தேறாவிட்டாலும் அவளுக்குத் தனியாக ஆங்கில வளர்ச்சிப் பாடம் கிடைக்கும், அது சட்டப்படி பள்ளியின் கடமை. ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்: அந்தப் பிரிவில் சேர்ந்துவிட்டால், வெளியே வரும்வரை ஆண்டுதோறும் தேர்வு எழுத வேண்டும். கூடுதல் வகுப்பு வேண்டாம் என்று பெற்றோர் சொல்லலாம், தேர்வு வேண்டாம் என்று சொல்ல முடியாது.

அறிவியலில் உங்கள் மகளுக்கு ஒரு விநோதம் காத்திருக்கிறது. சென்னையில் அவள் பூவின் பாகங்கள், பற்களின் வகைகள், உணவுக் கூறுகள் என்று நிறையப் பெயர்கள் படித்திருப்பாள். 2013-ல் வந்து கலிஃபோர்னியாவும் ஏற்றுக்கொண்ட புதிய அறிவியல் தரநிலைகளில் பெயர்ப் பட்டியல் மிகக் குறைவு. ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரு டஜன் கேள்விகள்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் வாரக்கணக்கில் உட்காருகிறோம். பொருள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களால் ஆனது என்பதற்கு என்ன சான்று? சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தால் எடை எங்கே போயிற்று? பகலில் நிழலின் நீளம் எப்படி மாறுகிறது? கோடையில் தெரியும் நட்சத்திரக் கூட்டம் குளிர்காலத்தில் ஏன் தெரிவதில்லை? பூமியிலுள்ள தண்ணீரில் உப்பு நீர் எவ்வளவு, நன்னீர் எவ்வளவு, அந்த நன்னீரிலும் பனியாக உறைந்திருப்பது எவ்வளவு? அணு, மூலக்கூறு என்ற சொற்களைக்கூட இந்த வகுப்பில் வலியுறுத்துவதில்லை. ஊசியில்லாத சிரிஞ்சில் காற்றை அடைத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே ஏதோ இருக்கிறது என்று தானே சொல்ல வேண்டும்.

இவற்றில் எனக்குப் பிடித்தது செடியைப் பற்றியது. ஒரு விதை பெரிய மரமாகிறது. அந்த எடையெல்லாம் எங்கிருந்து வந்தது? பிள்ளைகள் மண்ணிலிருந்து என்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் கேட்டாலும் பாதிப் பேர் அதையேதான் சொல்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்பவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ நாற்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் சுமார் 169 பவுண்டு ஆயிற்று, மண் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான். எல்லாம் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவுகட்டினார், காற்றை விட்டுவிட்டார். இதைச் சொல்லிவிட்டு, 'அவர் முடிவில் என்ன ஓட்டை?' என்று கேட்டால் வகுப்பு ஒரு மணி நேரம் சண்டை போடும். செடி தன் வளர்ச்சிக்கான பொருளைப் பெரும்பாலும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் பெறுகிறது என்று வாதிட்டு நிறுவுவதே ஐந்தாம் வகுப்புத் தரநிலைகளில் ஒன்று. ஒளிச்சேர்க்கையின் வரையறையை உங்கள் மகள் ஒப்பிப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வரையறையே இந்தக் கேள்விக்கு விடை என்று கண்டுகொள்ள அவளுக்குச் சில நாள் ஆகும்.

சமூக அறிவியல்தான் நான் முன்பு சொன்ன, மாநிலத்துக்கு மாநிலம் மாறும் பாடம். கலிஃபோர்னியாவில் நான்காம் வகுப்பு மாநில வரலாறு, ஐந்தாம் வகுப்பு அமெரிக்கா என்ற நாடு உருவான கதை: பூர்வகுடிகள், ஐரோப்பியர் வருகை, 1607-ல் ஜேம்ஸ்டவுன், 1620-ல் பிளிமத், பதின்மூன்று குடியேற்றங்கள், அடிமை முறை, புரட்சி, 1776 விடுதலைப் பிரகடனம், 1787 அரசமைப்பு, மேற்கு நோக்கிய குடிபெயர்வு. நியூயார்க்கில் இதே வகுப்பில் கனடா முதல் தென் அமெரிக்கா வரை மேற்கு அரைக்கோளம் முழுவதும் பாடம். ஆகவே இடையில் மாநிலம் மாறினால் இந்தப் பாடத்தில் ஒரு துண்டு விட்டுப்போகும் அல்லது இரண்டு முறை வரும். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

உங்கள் மகளுக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றும் என்று நினைக்காதீர்கள். 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட தேயிலை நம் ஊரை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. 1781-ல் யார்க்டவுனில் வாஷிங்டனின் படையிடம் சரணடைந்த காரன்வாலிஸ்தான் ஐந்து ஆண்டுகள் கழித்துக் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து, 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாதி நாட்டைப் பிடுங்கியவர். திண்டுக்கல்லும் சேலத்துப் பாராமகாலும் கம்பெனி கைக்குப் போனது அந்த உடன்படிக்கையில்தான். வகுப்பில் அவள் எழுந்து இதைச் சொன்னால் ஆசிரியருக்கே புதுச் செய்தியாக இருக்கலாம். ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். தொடக்கப் பள்ளியில் இந்தப் பாடத்துக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. கலிஃபோர்னியாவில் மாநிலத் தேர்வு ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் மூன்றாம் வகுப்பு முதலே உண்டு. ஐந்தாம் வகுப்பில் அறிவியலும் சேரும். வரலாற்றுக்குத் தேர்வு இல்லை. தேர்வு இல்லாத பாடத்துக்கு நேரம் எப்படிச் சுருங்கும் என்று தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். உடற்கல்வி பத்துப் பள்ளி நாட்களுக்கு 200 நிமிடம் என்பது கலிஃபோர்னியாவில் சட்டம். ஐந்தாம் வகுப்பில் உடல்தகுதிச் சோதனையும் உண்டு: 20 மீட்டர் தூரத்தை மணி ஒலிக்க ஒலிக்க ஓடிக் கடப்பது, தண்டால் போன்றவை. பயப்பட ஒன்றுமில்லை. இசை, ஓவியம் எல்லாம் பள்ளி மாவட்டத்தின் பணப்பையைப் பொறுத்தவை. பல இடங்களில் நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பில் வயலினோ புல்லாங்குழலோ டிரம்பெட்டோ தொடங்கிவைப்பார்கள். சில இடங்களில் எதுவுமே இருக்காது.

ஆனால் ஒன்றை முன்கூட்டித் தெரிந்துகொள்ளுங்கள். பல பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பின் பிற்பகுதியில் பருவமடைதல் பற்றிய வகுப்பு நடக்கும். முன்பே வீட்டுக்குக் கடிதம் வரும், பாடப்பொருளைப் பார்க்கலாம், வேண்டாம் என்றால் எழுதிக் கொடுக்கலாம். கடிதத்தைக் கண்டதும் பதறி வேண்டாம் என்று எழுதும் வீடுகள் நம்மவர்களில் அதிகம். அனுப்புங்கள் என்பேன். அந்த வயதில் பெண் குழந்தைகளுக்கு எப்படியும் தெரிய வேண்டிய விஷயம் அது. தோழிகள் அரைகுறையாகச் சொல்வதைவிட மேல். வகுப்புக்கு முன்னால் நீங்கள் ஒருமுறை அவளிடம் பேசிவிட்டால் இன்னும் நல்லது.

முதல் சில வாரங்களில் உங்களைத்தான் அதிகம் படுத்தப்போவது புத்தகப் பை. திறந்தால் ஒரு கோப்பு, தண்ணீர்ப் பாட்டில், பாதி தின்ற சாண்ட்விச். பாடப் புத்தகம் வீட்டுக்கே வராமல் போகலாம். வீட்டுப்பாடம் அரை மணி நேரத்தில் முடியும். ரேங்க் கிடையாது, மாதாந்திரத் தேர்வு கிடையாது. பல பள்ளிகளில் முன்னேற்ற அட்டையில் ஒவ்வொரு திறனுக்கும் 1 முதல் 4 வரை ஒரு எண் இருக்கும். 3 என்றால் அந்த வகுப்புக்கு வேண்டியதைத் தொட்டுவிட்டாள் என்று பொருள்; நாலுக்கு மூன்று, 75 சதவீதம் என்று கணக்குப் போடாதீர்கள். இலையுதிர் காலத்தில் ஆசிரியரோடு இருபது நிமிடச் சந்திப்பு இருக்கும். அங்கே போய் "கிளாஸில் எத்தனையாவது?" என்று கேட்பதற்குப் பதில், "அவள் எழுதிய ஒரு கட்டுரையைக் காட்டுங்கள், இதில் என்ன குறைகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். மாநிலத் தேர்வின் மாதிரித் தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஐந்தாம் வகுப்புத் தாளை இப்போதே ஒருமுறை நீங்களே போட்டுப் பார்த்தால், நான் இவ்வளவு நீளமாக எழுதியது ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும்.

ஆகஸ்டுக்கு முன்னால் என்ன செய்யலாம்? கணக்கில் புதுப் பாடம் வேண்டாம். தெரிந்த பின்னக் கணக்கையே காகிதத்தை மடித்தும் படம் வரைந்தும் செய்யச் சொல்லி, ஏன் என்று கேளுங்கள். தினமும் பதினைந்து நிமிடம் தட்டச்சு. வாரத்துக்கு ஒரு சிறுவர் நாவலோ, செய்திக் கட்டுரையோ படித்துவிட்டு ஒரே ஒரு பத்தி: என் கருத்து இது, அதற்கு ஆதாரமான வரி இது, அந்த வரி என் கருத்தை எப்படித் தாங்குகிறது. இதைத் தமிழில் செய்தாலும் பலன் உண்டு என்பது என் அனுபவம். காரணம் கேட்டுக் காரணம் சொல்லப் பழகிய பிள்ளைக்கு மொழி மாறும்போது சொற்கள் மட்டும்தான் குறைகின்றன. எல்லாப் பிள்ளைக்கும் அப்படியே நடக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பலருக்கு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். வாயாடிப் பிள்ளை என்றால் பாதி வேலை முடிந்தது.

திரும்பி வந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு வருகிறேன். கணக்கில் இரண்டு ஆண்டு இடைவெளியை ஒரு கோடை விடுமுறையில் சரிக்கட்டிவிடலாம். பின்னம் படமாக மனதில் இருக்கிற பிள்ளைக்குச் சதவீதமும் விகிதமும் சீக்கிரம் பிடிபடும். கை வேகம் மட்டும் குறைந்திருக்கும், அது பயிற்சியில் வரும். அறிவியலில் கலைச்சொற்கள் விட்டுப்போயிருக்கும், அவற்றைப் படித்துக்கொள்ளலாம். சரிக்கட்ட முடியாமல் திண்டாடுவது தமிழில்தான். தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006-ல் வந்தது, அதன்படி பத்தாம் வகுப்பு வரை பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். ஏழாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளை நான்காம் வகுப்புத் தமிழோடு வந்தால், செய்யுளும் இலக்கணமும் அவளைப் பார்த்துக் காத்திருக்காது. கலிஃபோர்னியாவில் நம்மவர்கள் கூடி வாழும் ஊர்களில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. பேச்சுத் தமிழோடு எழுத்தும் கற்றுத்தரும் பள்ளியாகப் பார்த்துச் சேருங்கள். பெட்டியில் இடமிருந்தால் ஐந்து, ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல்களைக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டாலும் தமிழ்நாடு அரசு அவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது, இங்கே வந்து அச்செடுத்துக்கொள்ளலாம்.